சிவப்பு நோட்டு, நீல நோட்டு

ஜூன் 3, திங்கள்

கண்காணிப்பாளர் இன்று எங்கள் அறைக்கு வந்தார். வருடத்துக்கு ஒருமுறை தரிசனம். கையில் ஒரு கட்டு வண்ண அட்டைகள். மருத்துவமனையில் அமைதி வாரமாம். ‘அமைதிக்காக நான் அன்றாடம் செய்யும் ஒரு சிறு செயல்’ என்று ஆளுக்கு ஒரு வரி எழுதி, மேல்தளத்து நடைவழியில் தொங்கவிட வேண்டுமாம்.

நாங்கள் இருப்பது அடித்தளத்தில். அறுவை அரங்கிலிருந்து வரும் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் கழுவி, செட் செட்டாகக் கட்டி, நீராவி மெஷினில் கிருமி நீக்கித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. இரண்டு மெஷின்கள், ஒரு ஜன்னல். மின்விசிறி நின்று ஒன்றரை மாதம் ஆகிறது. மூன்று கடிதம் எழுதிவிட்டேன். விசிறி வரவில்லை, அட்டை வந்துவிட்டது!

“நல்லதா ஒண்ணு எழுதுங்க மேடம். நீங்க படிச்சவங்க.”

‘எல்லோரிடமும் புன்னகையுடன் பேசுவேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது புன்னகைக்கக்கூட இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

அந்த அட்டை உறுத்துகிறது. எல்லோரிடமும் புன்னகையாம். சாயங்காலக்காரியிடம் நான் ஒரு வார்த்தை பேசி ஏழு மாதம் ஆயிற்று.

காலை ஏழிலிருந்து இரண்டு வரை நான் பொறுப்பு. இரண்டிலிருந்து ஒன்பது வரை அவள். எனக்கு ஐந்து வயது மூத்தவள், இருபத்திரண்டு வருட அனுபவம். ஒருகாலத்தில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எனக்குத் தலைமைப் பொறுப்பு வந்த அன்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “இவளுக்கென்ன, காலேஜ் படிப்பு. கையில ஒரு கொப்புளம் இருக்கா பாருங்க.”

மறுநாள் ஒரு நீல நோட்டு வாங்கி வந்தாள். அதுவரை ஒரே சிவப்பு நோட்டில்தான் இருவரும் எழுதுவோம் — எது பழுது, எது பாக்கி, எதை எங்கே வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து சிவப்பு எனக்கு, நீலம் அவளுக்கு. இரண்டும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒருத்தி நோட்டை இன்னொருத்தி தொடமாட்டாள்.

அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறாள் தரை துடைக்கும் பெருமூச்சம்மா. ஒரு வாளி தூக்கினால் நாலு பெருமூச்சு. “உங்களுக்குள்ள பேச்சு இல்லாததுக்கு என் கால் தேயுது. நான் என்ன தபால்காரியா?” என்று கேட்டுக்கொண்டே போய்ச் சொல்லிவிடுவாள்.

ஜூன் 6, வியாழன்

இரண்டாம் மெஷினின் கதவு ரப்பர் கிழிந்து நீராவி கசிகிறது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவானாம். ‘இரண்டில் பெரிய செட் வைக்கக் கூடாது’ என்று சிவப்பு நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பெருமூச்சம்மா இன்று விடுப்பு.

வெக்கை தாங்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

மனசு இன்னும் ஆறவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

காலை எட்டரைக்கு அறுவை அரங்கின் நர்ஸ் படியிறங்கி வந்தாள். கையில் இடுப்பெலும்பு செட். வெளித்துணி மொடமொடவென்று காய்ந்திருக்கிறது. பிரித்தால் உள்ளே சொதசொதவென்று ஈரம். ஈரமான செட்டைத் தொடவே கூடாது, அதில் கிருமி இருப்பதாகத்தான் கணக்கு. சாயங்காலக்காரி அதை நேற்று இரண்டாம் மெஷினில் வைத்திருக்கிறாள். எங்களிடம் அந்த செட் ஒன்றே ஒன்றுதான். மறுபடி கழுவிக் கட்டி வைத்து எடுக்க நாலு மணி நேரம். டாக்டர் அதுவரை இருக்கமாட்டார். அறுவை திங்களுக்குத் தள்ளிப்போய்விட்டது.

பதினோரு மணிக்கு எங்கள் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். நோயாளியின் மகள். அவர் பஸ் டிரைவராம்.

“அப்பா பல்லுல பச்சைத் தண்ணி படாம நேத்திலேர்ந்து படுத்திருக்காரு. வலி மாத்திரையும் நிறுத்திட்டாங்க. மேல கேட்டா கீழ கேளுங்கறாங்க. இங்க யாரு பொறுப்பு?”

“நான் சாயங்காலம் இல்லைம்மா. காலையிலதான்” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அவள் கேட்டதற்கு அதுவா பதில்?

ஜூன் 8, சனி

கண்காணிப்பாளர் அறையில் குளிர்சாதனம். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ‘மாலை நேரப் பொறுப்பாளர், எழுத்து மூலமான எச்சரிக்கையை மீறி...’ கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

“உங்க நோட்டைப் பார்த்தேன் மேடம். பக்காவா எழுதியிருக்கீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா அந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பிடலாம். சத்தமில்லாம, அமைதியா முடிஞ்சுடும்.”

அமைதியாக! அவருக்குப் பின்னால் சுவரில் அமைதி வாரப் படம், ஒரு வெள்ளைப் புறா. ஒருத்தியின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் உள்ளே சத்தம் இருக்காதுதான். அதற்குப் பெயர் அமைதியா? கதவு ரப்பரை மாற்றச் சொல்லி மார்ச் மாதமே எழுதினேனே, அது எந்தக் கோப்பில் தூங்குகிறது?

இதையெல்லாம் சொன்னேனா? இல்லை. “திங்கட்கிழமை தரேன் சார்” என்று எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலே, “அவங்கதானே வச்சாங்க? உள்ளதைத்தானே எழுதச் சொல்றாங்க?” என்றார்.

உள்ளதுதான். அதனால்தான் மறுக்கவும் முடியவில்லை. இன்னொன்றும் உண்டு, இங்கே மட்டும் எழுதுகிறேன். அந்தத் தாளைப் படித்தபோது ஒரு நொடி இனித்தது.

ஜூன் 9, ஞாயிறு

வார விடுமுறை. அவளுக்கும்தான். இருந்தும் அறைக்குப் போனேன். காவலாளி, “என்னம்மா, ஞாயித்துக்கிழமையும் கத்தரி கூப்பிடுதா?” என்றார்.

நீல நோட்டைத் திறந்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவை. அவள் எழுத்து மாறவே இல்லை, கோழி கிளறிய மாதிரி.

மே 21: ‘ஒண்ணாம் மெஷின் அழுத்தம் காட்டுற முள்ளு ஒட்டிக்குது. ரெண்டு தட்டு தட்டிட்டுப் பாக்கணும். இல்லேன்னா அழுத்தம் ஏறாமலே ஏறின மாதிரி காட்டும்.’

மே 21! அதற்குப் பிறகு பதினாறு நாள் காலை வேளையில் அந்த முள்ளை நம்பித்தான் ஒன்றாம் மெஷினை ஓட்டியிருக்கிறேன். ஒரு நாளும் தட்டிப் பார்க்கவில்லை. எத்தனை செட்! எத்தனை பேர் வயிற்றுக்குள், காலுக்குள் போயிருக்கும்! ஒன்றும் ஆகவில்லை என்றால் அது என் சாமர்த்தியமா? அந்தப் பதினாறு நாளில் முள் ஒட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாட்டியது அவள். நானாகவும் இருந்திருக்கலாம்.

மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை நான் எழுதியது அவள் படிப்பதற்காக இல்லை. அவள் படிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பெருமூச்சம்மா விடுப்பு என்றும் தெரியும். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்காக எழுதினேன். அதற்குத்தான் அந்த அடிக்கோடு. இரண்டு மணிக்கு அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பையை மாட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன். ‘ரெண்டு கசியுது.’ இரண்டே வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

நவம்பரில் நடந்ததையும் முழுதாக எழுதிவிடுகிறேன். கொப்புளம் என்று அவள் சொன்னதும் நான் சும்மா நிற்கவில்லை. “கொப்புளத்துக்கெல்லாம் பதவி குடுத்தா, அடுப்பூதுறவங்க எல்லாம் தலைமைதான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த டைரியிடம்கூட.

ஜூன் 10, திங்கள்

கண்காணிப்பாளரின் தாளில் கையெழுத்துப் போடவில்லை. நானே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். கசிவு எனக்குத் தெரியும், வாயால் சொல்லவில்லை. முள் பற்றி அவள் எழுதியிருந்தாள், நான் படிக்கவில்லை. இரண்டு நோட்டு வைத்தது இருவர் தப்பு. ரப்பரை மாற்றாதது நிர்வாகத்தின் தப்பு. மார்ச் மாதக் கடிதத்தின் நகலையும் பின்னால் குத்தினேன்.

படித்துவிட்டு, “உங்களை நீங்களே ஏன் மேடம் மாட்டி விட்டுக்கறீங்க?” என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

“அந்த டிரைவரோட பொண்ணு யாரு பொறுப்புன்னு கேட்டா சார். அன்னிக்கு நான் பதில் சொல்லலை.”

அறுவை இன்று முடிந்தது. அந்த செட்டை நானே முள்ளைத் தட்டிப் பார்த்து எடுத்தேன். வார்டுக்குப் போய் மகளிடமும் சொன்னேன். திட்டினாள். நின்று வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 14, வெள்ளி

ஆணை வந்துவிட்டது. இருவருக்கும் மெமோ. அவள் வேலை தப்பித்தது. என் தலைமைப் பொறுப்பு போயிற்று. வேறு கட்டடத்திலிருந்து ஒருவர் வருவாராம்.

வீட்டில் என் மகள் கேட்டாள்: “அம்மா, இது தேவையா உனக்கு?” தேவைதான். ஆனாலும் எரிகிறது. ரப்பர் பற்றி ஆணையில் ஒரு வார்த்தை இல்லை. திங்களன்று வருவதாகச் சொன்ன மெக்கானிக்கும் வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

கேலிக்கூத்து. அமைதி வாரத்தின் சிறந்த அட்டை என்னுடையதாம்! ‘எல்லோரிடமும் புன்னகையுடன் பேசுவேன்.’ கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்போகிறார்களாம். நேரே நடைவழிக்குப் போய் நூலை அறுத்து அட்டையை எடுத்து வந்துவிட்டேன். “மேடம், மேடம்...” என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கொட்டை எழுத்தில் ‘இரண்டில் பெரிய செட் வேண்டாம் — கசிவு’ என்று எழுதி மெஷின் கதவில் ஒட்டினேன்.

இரண்டு மணிக்கு அவள் வந்தாள். பார்த்தாள். நான் பையை மாட்டவில்லை.

“என்மேல இரக்கப்பட்டு எழுதிக் குடுத்தியாமே?”

ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு இது!

“இரக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நடந்ததை எழுதினேன்.”

“உன்னை யாரு கேட்டா? என் சண்டையை நானே போட்டிருப்பேன்.”

“போட்டிருப்பீங்க. வேலை போன பிறகு வாசல்ல நின்னு.”

முறைத்தாள். நானும் முறைத்தேன். பெருமூச்சம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அப்பாடா, என் உத்தியோகம் போச்சு” என்றாள்.

“அடுப்பூதுறவன்னு சொன்னது தப்பு” என்றேன். சொல்லும்போதும் கோபமாகத்தான் சொன்னேன். வேறு மாதிரி வரவில்லை.

அவள் நேரே ஒன்றாம் மெஷினிடம் போய் முள்ளை இரண்டு தட்டு தட்டினாள். “இப்படி. நகத்தால இல்ல, விரல் மூட்டால.”

ஜூன் 18, செவ்வாய்

மேசையில் நீல நோட்டு இல்லை. சிவப்பு நோட்டை நடுவுக்கு நகர்த்தி வைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

புதுத் தலைமை வந்தாயிற்று. வந்ததும் விசிறியைப் பற்றிக் கேட்டார். நாலாவது கடிதம் போகிறது. இந்த முறை கீழே இரண்டு கையெழுத்து — என்னுடையது, கோழி கிளறியது.

ஜூலை 11, வியாழன்

ரப்பர் மாற்றிவிட்டார்கள். விசிறி இன்னும் இல்லை.

அக்கா இப்போதெல்லாம் ஒன்றே முக்காலுக்கே வந்துவிடுகிறார். சிவப்பு நோட்டை நடுவில் வைத்து, நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரிக்கும் ஒரு குற்றம் சொல்கிறார். இன்று செட் கட்டும் முடிச்சு பற்றி. நான் போடுவது முடிச்சே இல்லையாம், சிக்கலாம். நானும் விடவில்லை.

ஒப்படைப்பு பதினேழு நிமிடம். பதினாறு நிமிடம் சண்டை.

எல்லா செட்டும் காய்ந்திருந்தது.