கால் கட்டைவிரலில் ஒரு கயிறு

அக்கா,

இன்று நீயே சாவி போட்டுத் திறந்து வந்திருப்பாய். நேற்று மாதிரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு கும்பகர்ணி கிடக்கவில்லை. குக்கரில் தக்காளிச் சாதம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

உன் கம்பெனி இயர் பிளக்கை அலமாரியில் வைத்துவிட்டேன். லாரிச் சத்தம் கேட்காமலிருக்கப் போட்டேன். நீ கதவு தட்டியதும் கேட்கவில்லை. ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்து வந்தவளைப் படிக்கட்டில் உட்காரவைத்துவிட்டு, "ஏன் எழுப்பின?" என்று சண்டை வேறு போட்டேனே, நானெல்லாம் என்ன ஜென்மம்! பீரியட்ஸுக்கு முந்தின வாரம், கூடவே செமஸ்டர் பரீட்சை. விடிகிற நேரத்தில்தான் கண் அசருகிறது.

"மாசாமாசம் ஒனக்குச் சாமி வருதுட்டி, டாக்டரப் பாரு" என்று நீ சொன்னது சரிதான். இன்று பரீட்சை முடிந்ததும் காலேஜ் டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பத் தண்டலத்தில் பஸ் ஏற மாட்டேன். அவர் வேப்பிலை கேட்டால் மட்டும் உனக்கு போன் போடுகிறேன்.

கவியா

பி.கு: இன்று ராத்திரியிலிருந்து கால் கட்டைவிரலில் கயிறு கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியே வெளியே விடப்போகிறேன். வந்ததும் இழு.

கோபம் தீரவில்லையென்றால் பலமாகவே இழு.