கிணற்றைப் பற்றிய காகிதம்

பாகூர்,
9 ஆகஸ்ட் 1936

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பத்திரிகை வந்தது. பிரெஞ்சு கவர்னர் மாளிகை விருந்துக்கு முதல் பக்கம் முழுவதையும் கொடுத்திருக்கிறீர்கள். பரிமாறிய பழங்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. இங்கே வாந்திபேதியில் ஆறு பேர் செத்ததற்கு ஒரு வரி இல்லை.

ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்யூன் ஆபீஸ் கதவில் காகிதம் ஒட்டினார்கள். பிரெஞ்சில் ஒட்டினார்கள். தமுக்கு அடிக்கிற கண்ணையன் வழக்கம்போலக் கோயில் தெருக்களோடு திரும்பிவிட்டான். அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்கள் சேரி மக்கள். கேட்டால், "அங்க என்னிக்கும்மா தமுக்கு போச்சு?" என்று என்னையே கேட்கிறான்.

மகளைப் பறிகொடுத்த குப்பு நேற்று நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"அந்தக் காயிதத்துல இன்னாம்மா எழுதியிருந்துச்சு?"

சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க அந்த ஆபீஸ் பக்கம் வந்திருந்தா எங்களாண்ட சொல்லியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த இதழில் விருந்து வேண்டாம். எந்தக் கிணறு ஆகாது என்று முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், தமிழில் போடுங்கள். ஐம்பது பிரதி கூடுதலாக அனுப்புங்கள். சேரிக்கு நானே கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறேன்.

இன்னொன்றையும் போடுங்கள். காகிதம் ஒட்டிய அன்று காலையிலேயே, பட்டம் வாங்கிய ஒருத்தி அதைக் கடைசி வரி வரை படித்தாள். தமுக்கு அடித்துச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் பெயர் உங்களுக்குத் தெரியும். அச்சில் போடத் தயங்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி