முதல் அங்கத்தில் நான்தான் பிரேதம்

கோப்பாய்,
சனிக்கிழமை

அன்பு மகன் கஜீபனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகமாக இருக்கிறேன். வழக்கத்துக்காக எழுதுகிற வரி என்று நினைக்காதே. இந்த முறை நீ நம்பவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நீ என் அழைப்பை எடுப்பதில்லை. ஆகையால் அம்மா இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். என் கையெழுத்தை வாசிக்கக் கஷ்டப்படுவாய். படு.

நேற்றுப் பின்னேரம் எங்கள் ஊரில் படம்பிடித்த ஒரு சிரிப்புத் துப்பறியும் தொடரின் முதல் அங்கம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் போனது. துப்பறிவாளராக எமில்ராஜ் என்றொருவர் நடிக்கிறார். சைக்கிளில் செத்தவீட்டுக்கு வந்து, பிரேதத்தின் மோதிரத்தைக் கழற்றி ஆராய்ந்துவிட்டு, தன் விரலிலேயே போட்டுக்கொண்டு மறந்துவிடுவார். பிறகு மோதிரத்தைக் களவெடுத்தவர் யாரென்று ஊரையே விசாரிப்பார். ஐயரையும் விடவில்லை, பந்தல்காரரையும் விடவில்லை.

பிரேதம் நான். முப்பது வருஷம் பருத்தித்துறை பஸ் ஓட்டினவனுக்கு ஓரிடத்தில் அசையாமல் கிடக்கத் தெரியாதா? மூக்கில் இலையான் பறந்து வந்து குந்தியும் கண் திறக்கவில்லையே! அந்த அங்கத்தில் ஆகத் திறமான நடிப்பு என்னுடையதுதான் என்று இயக்குநரே சொன்னார். உன் அம்மா மட்டும், வீட்டிலையும் உப்பிடித்தானே கிடக்கிறியள், உதிலை என்ன நடிப்பு என்கிறாள்.

பிழை நடந்தது போன மாதம், படப்பிடிப்புக்கு அடித்த மரண அறிவித்தலில். செத்தவீடென்றால் சந்தியில் அறிவித்தல் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் எங்கள் சனம் நம்பாது. என் படத்தைப் போட்டு அச்சடித்து, கோப்பாய்ச் சந்தியிலும் எங்கள் வீட்டு வாசல் படலையடியிலும் ஒட்டினார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரும் கொத்துரொட்டி சாப்பிடப் போய்விட்டார்கள். அதைக் கிழிக்க ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கும் இல்லை.

மறுநாள் கொடிகாமத்து நல்லம்மா மச்சாள் முதல் பஸ்ஸில் வந்து, படலையிலேயே ஐயோ என்ரை மச்சான் என்று குழறத் தொடங்கினா. நான் புட்டும் மாம்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்து, வாங்கோ மச்சாள், சாப்பிடுங்கோ என்றேன். குடையால் அடித்தா. தோள் இன்னும் நோகிறது.

அதற்குள் யாரோ அறிவித்தலை முகநூலில் போட, அது நீ இருக்கிற பாரிசுக்கும் வந்துவிட்டது. நீ அம்மாவின் போனுக்கு எடுத்தாய். அவள் கோயிலில். நான் எடுத்து வாய் திறக்க முதலே நீ சொன்னாய்: அம்மா, நான் வருமட்டும் அப்பாவை எடுக்க விடாதேங்கோ, டிக்கெட் போட்டிட்டன் என்று. பிறகு அழுதாய். சின்ன வயதில் போலவே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாய். எடேய், நான் கதைக்கிறன் என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். எனக்காக நீ அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது பிழைதான். நான் கதைத்ததும், உங்களுக்கு எல்லாம் பகிடிதான் என்று ஏசிவிட்டு வைத்துவிட்டாய்.

ஏச உனக்கு உரிமை உண்டு. ஆறு வருஷத்துக்கு முன், நீ கட்ட விரும்பிய பிரதீபாவின் ஊரைக் கேட்டுவிட்டு நான் சொன்ன சொற்களைத் திரும்ப எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்ரை செத்தவீட்டுக்கும் வராதை என்றும் சொன்னேன். அதையும் பாராமல் டிக்கெட் போட்டாயே, ராசா.

அந்த டிக்கெட்டைப் பிரதீபா ஆவணிக்கு மாற்றி வைத்திருக்கிறாளாம். நீதான் வரமாட்டேன் என்கிறாயாம். அம்மா சொன்னாள். வருவாய், எனக்குத் தெரியும். முன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஆனால் தனியே வராதே.

அறிவித்தலின் எழுத்தை நீ சரியாகப் பார்த்தாயோ தெரியாது. இயக்குநர் ஏதோ கற்பனைப் பெயர்களைத்தான் எழுதி வைத்திருந்தார். நான்தான் அவற்றை வெட்டிவிட்டு, சொல்லச் சொல்ல எழுதுவித்தேன்: கஜீபனின் பாசமிகு தந்தையும், பிரதீபாவின் அன்பு மாமனாரும், தாரணிகாவின் ஆசை அப்பப்பாவும் ஆவார். உன் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாதென்று நினைத்திருந்தாய், என்ன? அச்சடித்து வந்ததும் மூன்று தரம் வாசித்தேன். ஒட்டுகிற அவசரத்திலும் ஒரு தாளைக் கேட்டு வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

தாளில் மட்டும் மாமனாராகவும் அப்பப்பாவாகவும் இருந்துவிட்டுச் சாக எனக்கு விருப்பமில்லை, மகன். பிரதீபாவிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க நான் உயிரோடு இருக்கிறேன்.

மூவரும் சுகமாய் வந்து சேர வாழ்த்தும்,
அப்பா
கதிரவேலு