சபையில் வாசித்த என் வயது

ஜெயபாயின் அப்பாவுக்கு,

திருவனந்தபுரம் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டேன். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை பத்து மணிக்கு.

மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாளை மீன் கறியைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியை ஆட்டுரலுக்குள் போடுங்கள், ஜெயபாய் பள்ளிக்கூடம் விட்டு வந்து எடுத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் ஏன் பேசவில்லை என்று தெரியும்தானே? பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கான ஜெபச் சீட்டுகளோடு என் பெயரையும் எழுதிச் சபையில் போட்டீர்கள். அது சரி. வயதை எதற்கு எழுதினீர்கள்? "ஞானபாய் டீச்சர், வயது நாற்பத்திரண்டு" என்று போதகர் வாசித்ததும் நான் பாடம் நடத்தும் பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள்.

ஆனால் நேற்று, ஓலை முடையும் அன்னப்பழம் வீடு தேடி வந்தாள். அன்று சபையில் என் பின்னால்தான் இருந்தாளாம். "டீச்சரே, எனக்கு முப்பத்தெட்டுதான் ஆச்சு. இனி எழுத்து படிச்சா தலையில ஏறுமா?" என்று கேட்டாள். திங்கள்கிழமை முதல் அவளுக்கு வகுப்பு. அதோடு என் கோபம் பாதி போய்விட்டது.

பாஸானால் நன்றி சொல்லும் ஸ்தோத்திரச் சீட்டையும் நீங்களே எழுதிப் போடுங்கள். வயதை மறக்கவேண்டாம்.

ஞானபாய்

அடியில் ஒன்று: விண்ணப்பத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. வயது நாற்பத்து நான்கு. பெண் கேட்டு வந்தபோது என் அப்பா உங்களிடம் இரண்டு குறைத்துச் சொல்லிவிட்டார். மீதியை வந்து பேசிக்கொள்வோம்.