ஏழு சுத்து

பெரம்பலூர் தங்கச்சிக்கு,

ஜெயங்கொண்டத்திலிருந்து அக்கா எழுதுறேன். ஊசியில நூலை ஏழு சுத்து சுத்தி ரோசாப்பூ இதழ் போடுவியே, அதைக் கத்துக்கிட்டேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வருசம் நான் கேட்டப்ப, சுருளைக் கட்டைவிரலால அமுக்கிக்கிட்டு இழுக்கணும்னு நீ சொல்லலை. முப்பத்திரண்டு வருசமா எனக்கு நூல் சிக்கினதுதான் மிச்சம்.

தை மாசம் இங்க தையல் டீச்சர் ஒரு நிமிசத்துல செஞ்சு காட்டுச்சு. "இதை மறைச்சு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டுச்சு. "கூடப் பொறந்தவதான்"னேன்.

அப்ப என் மக கொளஞ்சி மாசமா இருந்தா. பொறக்குறதுக்கு முந்தி சட்டை தைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். கை பழகவே ரெண்டு மாசம் ஆகுமேன்னு ஆரம்பிச்சுட்டேன். நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, பொறந்த பிறகு மூணு நாள்ல முடிச்சிருப்பேன்.

சட்டையில அஞ்சு பூ. எல்லாம் ஒழுங்கா வந்திருக்கு. கொளஞ்சி ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வந்தா. சோறு தின்னுறா. "அந்தப் பூவைப் பிரிச்சுடும்மா"ன்னு மட்டும் சொல்றா.

எனக்குப் போடத்தான் தெரியுது, பிரிக்கத் தெரியலை. வெட்டவும் கை வரலை. இதையாவது மறைக்காம வந்து காட்டு. அரியலூர்ல பஸ் மாறி வா.

இப்படிக்கு,
உன் அக்கா