மணிக்கு இரண்டு வினாடி

மைலன், மிசௌரி
பிப்ரவரி 22

அன்புள்ள மகள் காரிஸுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகம், என் இடது முழங்காலும் என் சுபாவமும் தவிர. இரண்டும் பழையபடி மடங்க மறுக்கின்றன. நீ அந்த வடகோடிக் குளிரில் மீன்குஞ்சுப் பண்ணையில் நலமாயிருக்கிறாய் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். நன்றியறிதல் நாளுக்குப் பிறகு நீ அவளிடம் மட்டும்தான் பேசுகிறாய். நான் எடுத்தால் "அம்மா இருக்காங்களா" என்று கேட்கிறாய், இருக்கிறாள் என்று சொல்லி ரிசீவரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் நின்று ஒட்டுக்கேட்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில், முனைவர் பட்டம் வாங்கிய ஒருவன் செய்கிற வேலை இது. மூன்று மாதமாக இதைச் செய்து பார்த்து வெறுத்துப்போய்த்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நடுவில் கிழித்துப்போடாமல் கடைசிவரை படி, கடைசியில் உனக்கு ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. வேனில் ஹீட்டர் போய்விட்டது, அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறாள். சபையில் புதுப் போதகர் வந்திருக்கிறார், சின்ன வயது, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்று அம்மாவைக் கேள். ஜனவரியிலிருந்து ஊர் முழுக்க ஒரே பேச்சு பிரைட்வே வானொலியைப் பற்றித்தான். அந்தப் பெயரை இந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக நான் உச்சரித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது எழுதுகிறேன், பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை.

உனக்கு இந்தக் கதையை எப்போதும் நான் தியாகியாக வரும்படிதான் சொல்லியிருக்கிறேன். இப்போது நடந்தபடி சொல்கிறேன். தொண்ணூறாம் வருடம் நானும் லானி ப்ராக்டரும் சபையில் பாடகர் அங்கி தொங்கவிடுகிற அறையில் அந்த நிலையத்தைத் தொடங்கினோம். லாபம் வேண்டாம், விளம்பரம் வேண்டாம், கர்த்தரைப் பாடுகிற பாட்டு மட்டும் போதும் என்பது லானியின் யோசனை. பெயர் வைத்தது நான். வட மத்திய மிசௌரி வேத இசை ஒலிபரப்புக் கழகம் என்று வைத்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாட்டில் பாதி ஓடிவிடும், பிரைட்வே என்ற பெயர் பிறகு வந்தது. எங்கள் ஒலி ஊர்த் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டாது. ஒரு விவசாயி தன் சோயா வயலின் மூலையைக் கோபுரத்துக்குக் கொடுத்தார், பக்கத்து மாவட்டம் வரை போனோம். பிறகு லானி செயற்கைக்கோள் வழியாக வேறு ஊர்களுக்கும் அனுப்பலாம் என்றான். மூடிக் கிடந்த நிலையங்களை எல்லாம் எடுக்கலாம் என்றான். நான் குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதினேன், இது ஏன் தோற்கும் என்பதற்கு ஆறு காரணம், ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு. இன்று அவர்களுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு நிலையம் இருக்கிறது. ஆறு காரணமும் தப்பு, அடிக்குறிப்புகள் மட்டும் சரியாக இருந்தன.

என்னை அங்கிருந்து துரத்தியது ஷெல்லி என்று நீ சின்ன வயதிலேயே கேட்டிருப்பாய். ஷெல்லி என்று ஒருத்தி கிடையாது. அந்தத் தொழிலில், யாருக்காகப் பாட்டுப் போடுகிறோம் என்று மனதுக்குள் ஓர் ஆளை வைத்துக்கொள்வார்கள். லானியின் ஆள் ஷெல்லி, முப்பத்தைந்து வயது, பின் சீட்டில் ஒரு பெண் குழந்தை, வேன் ஓட்டுகிறவள், நாள் முழுக்க யாரோ ஒருவர் அவளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், வண்டியில் ஏறினால் அவளுக்குக் கொஞ்சம் நல்ல வார்த்தை வேண்டும். நான் நடத்திய நிகழ்ச்சியில் ஒரு பாமாலையை மூன்று நிமிடம் போட்டுவிட்டு அதை எழுதியவரின் வாழ்க்கையை நாற்பது நிமிடம் பேசுவேன். லானி ஒருநாள் குழுக் கூட்டத்தில், "ரோலண்ட், ஷெல்லி புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பி வந்துட்டாப்பா, நீ இன்னும் அந்தாளோட தாத்தாகிட்டயே நிக்கிற" என்றான். குழு அத்தனையும் சிரித்தது. இல்லாத ஒருத்திக்காக இருக்கிற என்னை அவமானப்படுத்துகிறீர்கள் என்று எழுந்து நின்று ராஜினாமா சொன்னேன். வேண்டாம் என்று கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நாலு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அம்மா அந்தக் கூட்டத்துக்காகச் செய்து கொடுத்திருந்த பீச் கேக்கைச் சாப்பிட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக்கொண்டும், ஒவ்வொரு புது நிலையத்தின் செய்தியையும் வெட்டி ஒரு ஷூ டப்பாவில் போட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஐந்து வயதில் நீ பின் சீட்டில் உட்கார்ந்து அவர்கள் பாட்டு ஒன்றைப் பாடினாய். நான் அந்த எதுகை சரியில்லை என்று சொன்னேன். அப்புறம் என் முன்னால் நீ பாடவே இல்லை. இது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது என்று எழுதலாம், ஆனால் பொய். ஞாபகம் எப்போதும் இருந்தது.

சரி, ஜனவரிக்கு வருகிறேன். பிரைட்வேயில் கலிபோர்னியாவிலிருந்து ஒரு புதுக் குரலை அமர்த்தினார்கள். அரசு விதிப்படி ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஒவ்வொரு நிலையமும் தன் அடையாள எழுத்துகளையும் தன் ஊர்ப் பெயரையும் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷன் நம் ஊரை "மிலான்" என்றான். மணிக்கொரு தரம், ராத்திரி பகலாக, மிலான். முடிவெட்டுகிற கடையில், "நாம எப்பய்யா இத்தாலிக்குக் குடி போனோம்" என்று ஒருவர் கேட்டார், "அதான் சொல்றேன், பன்றிப் பண்ணை நாத்தம் கொஞ்ச நாளா கொறஞ்சாப்ல இருக்கு" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மட்டும் ரத்தம் கொதித்தது. நூற்றெழுபது வருடமாக மைலன், எங்கள் தாத்தாவின் கல்லறையில் மைலன், இவன் யார் எங்கள் பெயரை எங்களுக்குத் திருத்துவதற்கு. அன்றைக்கே உட்கார்ந்து பிரைட்வேக்குப் பதினொரு பக்கம் எழுதினேன். ஓர் ஊரின் பெயர் அதில் வாழ்கிறவர்கள் வாயில்தான் இருக்கிறது, அகராதியில் இல்லை என்று ஒரு வாக்கியம் எழுதி, அதன் அழகில் மயங்கி அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டு, "இத நன்றியறிதல் நாள் அன்னிக்கு எழுதியிருக்கலாமே ரோலண்ட்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "வால்டீஸ்" என்றாள்.

காரிஸ், அன்று மேசையில் நடந்ததை நான் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தேன். நடந்தது இதுதான். நான் வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்தேன், நீ, "நான் இனிமே அங்கயேதான்ப்பா, வால்டீஸ்லயே வீடு பாத்துட்டேன்" என்றாய். மகள் நாலாயிரம் மைலுக்கு அப்பால் நிரந்தரமாகப் போகிறாள் என்று கேட்ட ஒரு தகப்பன் சொல்லக்கூடியது எத்தனையோ இருக்கிறது. நான், "அது வால்டீஸ் இல்ல, வால்டெஸ். ஸ்பானியர்கள் வச்ச பேரு. படிச்ச பொண்ணு நீயே இப்படிச் சொல்லலாமா" என்றேன். "அங்க இருக்கிற நாலாயிரம் பேரும் இப்படித்தான்ப்பா சொல்றாங்க" என்றாய். நாலாயிரம் பேர் சேர்ந்து சொன்னாலும் தப்பு தப்புதான் என்றேன். நீ முள்கரண்டியைக் கீழே வைத்தாய். வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் போய்விட்டாய். நான் வாசல்வரை வரவில்லை, ஸ்பானிய மாலுமிகளைப் பற்றிப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினொரு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். தபாலில் சேர்த்தேன். கோபம் கோபம்தானே. பத்து நாள் கழித்து டெலிபோன் அடித்தது. "ரோலண்ட், நீ இன்னும் இருக்கியா? பதினோரு பக்கம்னதுமே தெரிஞ்சுபோச்சு, பிரிச்சுப் படிக்கக்கூட வேண்டாம்" என்றது குரல். இருபத்தைந்து வருடம் கழித்து லானி. அவனுக்கென்று பல வருடமாக ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை. "நீ சொல்றது சரிதான்ப்பா, எங்காளு இப்படி முப்பது ஊர் பேரக் கொல பண்றான், அந்தந்த ஊர்க்காரன் எங்களத் திட்றான். நீயே சொல்லிக் குடுத்திடேன். பேர் மட்டும்தான். ரெண்டு வினாடி. அதுல யாரோட தாத்தாவும் வர முடியாது" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாக வைத்துவிட்டு அம்மாவிடம் போய், அவன் என்னை மறுபடி அவமானப்படுத்துகிறான், ஷெல்லிக்காக ஊர்ப் பெயர் ஒப்பிக்கச் சொல்கிறான் என்றேன். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு, வா என்று என்னை வேனுக்குள் உட்காரவைத்து வண்டியைக் கிளப்பினாள். வானொலி தானாகப் பாடியது. பிரைட்வே. நான் ஏறும்போதெல்லாம் அவள் கை அதை அணைக்கிற பொத்தானுக்குப் போவதை நான் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், வேலை செய்யாத வானொலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "முப்பத்தஞ்சு வயசு, ஒரு பொம்பளப் புள்ள, வேனு, நாள் பூராத் திருத்துறதுக்கு வீட்ல ஒரு ஆளு. அது யாருன்னு இந்த ஊர்ல உனக்கு மட்டும்தான் தெரியல. லானி எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் ஷெல்லிய எழுதினான்" என்றாள். பாட்டு நல்ல பாட்டுதான். எதுகை இப்போதும் சரியில்லை, ஆனால் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. குளிராயிருந்தது, அவள் போர்வையில் பாதியைக் கொடுத்தாள்.

வேலையை ஒப்புக்கொண்டேன். சம்பளம் கிடையாது, லாபம் வேண்டாம் என்று தொடங்கியதில் நானும் ஒருவன் அல்லவா. கோட் மாட்டுகிற அலமாரிக்குள் புகுந்து, எதிரொலி வராமலிருக்க என் குளிர்கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்கிறேன். ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேன், அன்று அங்கி, இன்று கோட். ஆனால் இந்தத் தடவை அகராதியைத் தொடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெட்ரோல் பங்குக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ போன் போட்டு, உங்கள் ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். இல்லினாயில் ஒரு அம்மாள், "கெய்ரோவா? அதெல்லாம் எகிப்துல கண்ணு. இங்க கேரோ" என்றாள். நன்றி அம்மா என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பட்டியலில் கடைசிப் பெயர் உன் ஊர். உங்கள் துறைமுகத்துக்கு மேலே கோபுரம் போட்டிருக்கிறார்களாம், நீ பார்த்திருப்பாய். நாலு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். "அங்க கேக்கறதுக்கு நமக்கு ஒருத்தி இருக்கா" என்றாள் அம்மா. எனக்குத் தைரியம் வரவில்லை. துறைமுகத்துப் பக்கம் தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போன் போட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அந்த ஆள், "வால்டீஸ் சார். வால்டெஸ்னு மட்டும் சொல்லிடாதீங்க, மீன் பண்ணைல நம்ம காரிஸ் இருக்கா, அவங்கப்பா அப்படித்தான் சொல்வாராம். இங்க யாராவது ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரிப் பேசினா 'அப்பா வந்துட்டார்'னு சொல்லுவோம்" என்று சிரித்தார். நம்ம காரிஸ் என்றார். நான் யாரென்று சொல்லவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். உன் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன், இங்கே இருப்பதைவிட நல்ல பெயர்தான்.

அந்த ஒரு சொல்லைப் பன்னிரண்டு தரம் பதிவு செய்து அனுப்பினேன். லானி கூப்பிட்டு, "பதினொண்ணுல சண்ட போடற மாதிரி இருக்குப்பா, கடைசி ஒண்ணுதான் வீட்டுக்குள்ள யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு, அதையே போட்டுக்கறேன்" என்றான். மார்ச் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து உன் ஊரில் ஒலிபரப்பு. ஒவ்வொரு மணிக்கும் இரண்டு வினாடி நான் வருவேன். வேறு எதுவும் பேச மாட்டேன், பேச முடியாது, சட்டப்படியே அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் பொத்தானை அமுக்கிவிடு, இந்த வீட்டில் அது பழகிய விஷயம்தான். பிடித்தால் ஒருநாள் நான் போனை எடுக்கும்போது அம்மாவைக் கேட்பதற்கு முன்னால் ஏதாவது ஒன்று சொல். நான் சொன்னது சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொன்னாலும் போதும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, புதுவீட்டின் கூரையையும் சேர்த்து, அங்கே விழுகிற பனி மிசௌரியில் விழுகிற மாதிரி இல்லை என்று படித்தேன். கூரைப் பனியை நீயே ஏறித் தள்ளாதே, ஆள் வைத்துத் தள்ளு. சூரியன் சரியாக வராத மாதங்களில் அந்த வைட்டமின் மாத்திரையை விட்டுவிடாதே. அம்மாவின் பீச் கேக் இதோடு தனிப் பெட்டியில் வருகிறது, பாத்திரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

உறையின் மேல் உன் விலாசத்தை எழுதும்போது ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சமையலறையிலிருந்து அம்மா, சரி என்றாள்.

உன் அன்புள்ள அப்பா,
ரோலண்ட் கீஃபர்