அப்பா பெயருக்கு எதிரே என் கட்டைவிரல்

சோக்கேபம்பா
அக்டோபர் 20, ஞாயிறு

அன்பு மகள் யோலிக்கு அம்மா எழுதுவது. நானும் இரண்டு பசுக்களும் நலமாகவே இருக்கிறோம், அங்கே மிலானில் உன் முழங்கால் வலி குறைந்து, நீ பார்த்துக்கொள்கிற அந்த வயசான அம்மாவும் உன்னைப் படுத்தாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். மழை இன்னும் பிடிக்கவில்லை, உருளைக்கிழங்கு போட ஆள் கிடைக்காமல் மேல்காட்டைச் சும்மா விட்டுவிட்டேன். உன் அப்பா போய் நாளையோடு நாலு மாதம். சாப்பாடு வைக்கும்போது கை தானாக ரெண்டு தட்டை எடுக்கிறது, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன், அவ்வளவுதான். போனில் பேசினால் நீ அழுகிறாய், இல்லையென்றால் கோபப்படுகிறாய், நடுவில் சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி.

பள்ளிக்கூட விஷயம்தான். நம் உயர்நிலைப் பள்ளிக்கு ஐம்பது வருஷம் ஆகிவிட்டது என்று, உனக்கு ரெண்டு வகுப்பு கீழே படித்தாளே நெலிதா, இப்போது அங்கேயே சரித்திர டீச்சர், அவள் போன மாதம் பழைய நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பள்ளியைக் கட்டினவர்கள் பெயரை வாசல் சுவரில் கல்லில் வெட்டப் போகிறார்களாம். மெலித்தோன் வால்பா என்று உன் அப்பா பெயர் மூன்றாவதாக இருந்தது. அதற்கு எதிரே நாற்பது ஞாயிறும் நீல மையில் ஒரு கட்டைவிரல். நெலிதா என்னையே பார்த்தாள். "அத்தை, மாமா வால் சுழிச்சு அழகா கையெழுத்துப் போடுவாரே, இங்க எல்லாமே ரேகையா இருக்கே, அதுவும் இத்தனை சின்ன விரலா?" என்றாள். நான், பழைய கதை, எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான் சொன்னேன்.

உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஆறாவது முடித்தால் அதோடு சரி. மேலே படிக்க லாரி ஏறி மாகாணத் தலைநகருக்குப் போய், எவர் வீட்டிலாவது பாத்திரம் தேய்த்துக்கொண்டுதான் படிக்கணும். என்னை ரெண்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். தலைமை வாத்தியார் சலினாஸ் பதினோரு தடவை கல்வி அலுவலகத்துக்கு நடந்தார், அவர்கள் நாலு சுவரும் கூரையும் நீங்களே போடுங்கள், வாத்தியார்களை அனுப்புகிறோம் என்றார்கள். அதனால் வீட்டுக்கு ஒரு ஆண் ஞாயிறுதோறும் பொதுவேலைக்கு வரணும், வராத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடையாது என்று ஊரில் முடிவானது. உன் அப்பா அப்போது கடற்கரைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார், ஒரு அறுவடைக்கு என்று போனவர் ரெண்டு வருஷம் திரும்பவில்லை. உனக்கு ஆறு மாதம். என் பிள்ளைக்கு இடம் இல்லாமல் போகக் கூடாது என்று உன்னை முதுகில் கட்டிக்கொண்டு போய் நின்றேன். நோட்டில் வீட்டுத்தலைவர் பெயர் மட்டும்தான். சலினாஸ் சார் மெலித்தோன் வால்பா என்று கூப்பிட்டார், நான் ஆஜர் என்றேன். ஆம்பளைகள் சிரித்த சிரிப்பு! "மெலித்தோன் மீசையை எடுத்துட்டுப் பாவாடை கட்டி வந்துட்டான்டா" என்றான் ஒருத்தன். பக்கத்துவீட்டுக் கசிமிரா விடுவாளா, "மீசை வச்ச நீ ஒரு கல்லு தூக்குறதுக்குள்ள அவ மூணு தூக்கிருவா, மூச்சைப் பிடிச்சு வேலையைப் பாருய்யா" என்றாள். அவளும் புருஷன் பெயருக்குத்தான் வந்திருந்தாள். உறைபனித் தண்ணீரில் மண்ணையும் வைக்கோலையும் மிதித்து, அச்சில் போட்டுக் காயவைத்து, பச்சைச் செங்கலை முதுகில் சுமந்தோம். செங்கல் முதுகுக்கு வந்தால் நீ முன்னால் மாருக்கு வந்துவிடுவாய், தூங்கிக்கொண்டே இருப்பாய்.

அப்புறம் கெட்ட வருஷங்களில் துப்பாக்கியோடு வந்த சீருடைக்காரர்கள் வகுப்பறைகளில் தங்கி டெஸ்க்குகளை உடைத்து அடுப்பெரித்தார்களே, உனக்கே ஞாபகம் இருக்கும், மரத்தடியில் உட்கார்ந்து படித்தாய். பள்ளிக் காகிதமெல்லாம் அந்த அடுப்பில்தான் போனது. அங்கே பெருக்கப் போன கசிமிரா இந்த ஒரு நோட்டைப் பாவாடைக்குள் செருகி வந்து சோளக் குதிருக்குள் போட்டு வைத்தாள், அதுதான் இப்போது நெலிதா கையில்.

அம்மா, உண்மையைச் சொல்லு, உன் வியர்வைக்கு அவர் பெயரா, நம்மை விட்டுவிட்டுப் போன மனுஷன்தானே என்று போனில் கத்தினாய். நீ சொன்னது நியாயம்தான். ஆனால் புதைத்து நாலு மாதம் ஆகாத மனுஷனை ஊர் முன்னால் நிறுத்திப் பொய்யன் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வருஷாவருஷம் பள்ளி ஆண்டு விழாவில் கட்டினவர்கள் என்று தோளில் சிவப்புப் பட்டை போட்டு ஊர்வலம் விடுவார்களே, உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டே நடப்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, எதுவும் பேசாமல் மாட்டுக்குப் புல் போடப் போய்விடுவார். ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை. வாயால் மன்னிப்பு என்று சொல்லத் தெரியாத மனுஷன் அவர். அவர் போன ஐந்தாம் நாள் ஊர் வழக்கப்படி ஆற்றில் அவர் துணிகளைத் துவைத்தபோது அந்தப் பட்டையையும் துவைத்தேன், அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

கசிமிராவிடம் இதைச் சொன்னேன். "உன் புருஷனாவது பட்டையைக் கழட்டிக் குடுத்தான். என் புருஷன் நாற்பது ஞாயிறும் சிச்சாக் கள்ளுக் கடையிலதான்டி ஆஜர் குடுத்தான். அவன் பேரைக் கல்லுல வெட்டினா நான் தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகணுமா? பொம்பளை ரேகையில முதல் ரேகை உன்னுது, நீ வாயைத் திறக்கலேன்னா நாங்க யாரும் திறக்க முடியாது" என்றாள். ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நான்.

வெள்ளிக்கிழமை விழா. மேயர், பேண்டு வாத்தியம், புதுச் சீருடையில் பிள்ளைகள். நெலிதா அந்த நோட்டையே வைத்துக்கொண்டு அந்தக் காலத்து மாதிரியே பெயர் கூப்பிட்டாள். இறந்தவர் பெயர் வந்தால் வீட்டு ஆள் எழுந்து ஆஜர் சொல்லணும். மெலித்தோன் வால்பா என்றாள். கறுப்புச் சால்வையோடு எழுந்தேன், ஆஜர் என்று நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம், "அவர் வரலைம்மா. நாற்பது ஞாயிறும் வந்தது நான்தான், சத்துர்னினா" என்றேன். கசிமிரா கூப்பிடாமலே எழுந்து, "என் புருஷன் பேரைக் கூப்பிட்டுத் தொண்டையைக் கெடுத்துக்காதே நெலிதா, நேரா என் பேரை எழுது" என்றாளே, மேயர்கூடச் சிரித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள், செத்துப்போன அம்மாக்களுக்காக மகள்கள் எழுந்தார்கள். மொத்தம் பதினேழு பேர். நெலிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள். மாமா பெயரை எடுத்துவிடட்டுமா அத்தை என்று மெதுவாகக் கேட்டாள். சுவர் எழுப்பினவர் வரிசையில் இருந்து எடு, ஆனால் சீருடைக்காரர்கள் போன பிறகு எங்கள் ஆறு தைல மரத்தையும் வெட்டி டெஸ்க்கு செய்து கொடுத்தது அவர்தான், அதை ஒரு வரி கீழே போடு என்றேன். போடுகிறேன் என்றாள். அந்த டெஸ்க்கில் உட்கார்ந்துதான் நீ பள்ளியை முடித்தாய், மறந்துவிடாதே.

சிவப்புப் பட்டையை இந்தத் தடவை என் தோளில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து கழற்றினேன். அவர் தொப்பி மாட்டியிருக்கிற ஆணியில் தொப்பிக்கு மேலேயே தொங்கவிட்டுவிட்டு, எதுவும் பேசாமல் மாட்டுக்குப் புல் போடப் போனேன்.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள். வருகிற ரெண்டாம் தேதி ஆன்மாக்கள் நாள், போனவர்கள் நம்மைத் தேடி வருகிற நாள், அவருக்கு இது முதல் வருஷம், உன் ஜன்னலில் ஒரு கப் காபி வை. அவருக்கு மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும். கோபம் தீரவில்லை என்றால் சர்க்கரை போடாமல் வை, ஆனால் வை. கடவுளும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நோட்டின் அந்தப் பக்கத்தை நெலிதா நகல் எடுத்துக் கொடுத்தாள், இதோடு வைத்திருக்கிறேன். இப்போது எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், இருந்தாலும் கீழே கட்டைவிரலையும் வைத்திருக்கிறேன், ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

உன் அம்மா
சத்துர்னினா